உங்க திரையில் தமிழ் ஏன் உடையுது? 'வட்டக்கோட்டை' என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு விளக்கம்

உங்க கைபேசியில் 'வட்டக்கோட்டை' என்று ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்க. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனவங்க பலரும் அந்த இடத்தைப் பார்த்திருப்பீங்க. அஞ்சுகிராமம் பக்கம், கடலை ஒட்டி நிற்கும் கருங்கல் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் காலத்தில் வலுப்படுத்திக் கட்டப்பட்டது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு.

இந்தக் கட்டுரைக்கு நமக்குக் கோட்டை வேண்டாம், அதன் பெயர் மட்டும் போதும். ஒரு கைபேசி தமிழை ஒழுங்காகக் காட்டுதா என்று சோதிக்க இதைவிட நல்ல சொல் கிடைப்பது கஷ்டம். நாம் எண்ணினால் வ, ட், ட, க், கோ, ட், டை என்று 7 எழுத்து. கைபேசிக்குள்ளே யுனிகோடு முறையில் இது 12 குறியீடுகளாக இருக்கும். புள்ளி ஒரு குறியீடு, 'ஓ'காரக் குறி ஒரு குறியீடு, 'ஐ'காரக் குறி ஒரு குறியீடு என்று தனித்தனிக் கணக்கு.

இந்த 12-ஐயும் சேர்த்து 7 எழுத்தாகக் கோத்துக் காட்டுவது உங்க கைபேசியின் வேலை. 'கோ' எழுதும்போது இரட்டைக்கொம்பு இடப்பக்கம் போகணும், துணைக்கால் வலப்பக்கம் நிற்கணும். 'டை'க்கு, 'ட'வுக்குப் பின்னால் சேமித்து வைத்த இணைக்கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கணும். மூன்று புள்ளிகளும் அதனதன் எழுத்தின் தலைக்கு மேலேயே உட்காரணும். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் 'வட்டக்ேகாட்ைட' என்று ஆகிவிடும். சில பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டும்போது இதே குழப்பத்தை நீங்க பார்த்திருக்கலாம்.

சான்றிதழ், பட்டா, மின்கட்டணம், வரி என்று எல்லாமே கைபேசிக்கு வந்துவிட்ட காலம் இது. திரையில் எழுத்து உடைந்தால் பார்க்க அசிங்கமா இருக்கு என்பதோடு விஷயம் முடியாது. படிக்க முடியாதவர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு, காசு கொடுத்து யாரிடமாவது போய் நிற்பார். அதனால் எழுத்து ஏன் உடையுது, உடையாமல் இருக்க இணையதளம் செய்பவர் என்ன செய்யணும், உடைந்தால் நீங்க என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

சி.எஸ்.எஸ். என்றால் என்ன?

ஓர் இணையப் பக்கத்தில் இரண்டு விஷயம் தனித்தனியாக இருக்கும். ஒன்று, சொல்ல வேண்டிய செய்தி. அதை எச்.டி.எம்.எல். என்ற முறையில் எழுதுவாங்க. இன்னொன்று, அந்தச் செய்தி எப்படித் தெரியணும் என்ற குறிப்பு. எந்த எழுத்துரு, எவ்வளவு பெரிசு, என்ன நிறம், வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில் வரும். இந்தக் குறிப்புக்குப் பெயர்தான் சி.எஸ்.எஸ்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹாகன் வியும் லீ 1994 அக்டோபரில் இந்த யோசனையை முன்வைத்தார். பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் வேர்ல்டு வைடு வெப் கன்சார்டியம் இதை முதல் தரநிலையாக வெளியிட்டது. அப்போதே இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பக்கத்தைச் செய்தவரின் விருப்பம், அதைக் காட்டும் உலாவியின் இயல்பு, படிப்பவரின் விருப்பம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் எழுத்தின் தோற்றம் முடிவாகும். 'எனக்கு எழுத்து பெரிசா வேணும்' என்று படிப்பவர் கேட்க இடம் உண்டு.

அதனால் சி.எஸ்.எஸ். என்பதை உலாவிக்குப் போடும் உத்தரவாக நினைக்க வேண்டாம். அது ஒரு வேண்டுகோள்தான். உலாவிக்குப் புரிந்தால், கையில் வசதி இருந்தால் செய்யும். புரியாத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ், சாம்சங் இன்டர்நெட், ஓபரா மினி என்று உலாவிகள் பல. ஒன்றுக்குப் புரிவது இன்னொன்றுக்குப் புரியாமல் போகலாம். ஒரே பக்கம் உங்க கைபேசியில் ஒரு மாதிரியும் பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியில் வேறு மாதிரியும் தெரிவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

மட்டிப்பழம் இல்லைன்னா செவ்வாழை

நாகர்கோவில் பக்கம் கடைக்கு ஆள் அனுப்பும்போது எப்படிச் சொல்லி அனுப்புவாங்க? "மட்டிப்பழம் இருந்தா வாங்கிட்டு வா. இல்லைன்னா செவ்வாழை. அதுவும் இல்லைன்னா கிடைக்கிற பழம் ஏதாவது. வெறுங்கையோட மட்டும் வராதே."

சி.எஸ்.எஸ்.ஸில் எழுத்துருவைக் கேட்பதும் இதே மாதிரிதான். 'ஃபாண்ட்-ஃபேமிலி' என்ற குறிப்பில் ஒரு பட்டியல் கொடுப்பாங்க. முதலில் இணையதளத்துக்கென்று தேர்ந்தெடுத்த எழுத்துரு. அது கிடைக்காவிட்டால் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் தமிழ் எழுத்துரு. கடைசியில் 'சான்ஸ்-செரிஃப்' என்ற பொதுப்பெயர். அதற்கு, 'உன்னிடம் இருப்பதில் ஏதாவது ஒன்று' என்று அர்த்தம். உலாவி இந்தப் பட்டியலை ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாகப் பார்க்கும். முதல் எழுத்துருவில் ஆங்கிலம் மட்டும் இருந்தால், ஆங்கிலத்தை அதிலும் தமிழை அடுத்த எழுத்துருவிலும் காட்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு உள்ளேயே இருக்கும். ஐபோனில் தமிழ் சங்கம் எம்.என். உண்டு. விண்டோஸ் கணினியில் முதலில் லதா வந்தது. விண்டோஸ் 7-இல் விஜயா சேர்ந்தது, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யு.ஐ. வந்தது. ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் வேறு. ஒன்றில் ஒரே வரியில் அடங்கும் தலைப்பு மற்றொன்றில் இரண்டு வரியாகலாம்.

எந்த எழுத்துருவிலும் அந்த எழுத்து கிடைக்காவிட்டால் காலிக் கட்டம் வரும். கணினி உலகத்தில் இந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று செல்லப்பெயர். இந்தக் கட்டங்களே தெரியக் கூடாது என்ற நோக்கத்தில் கூகுள் செய்த எழுத்துரு வரிசைக்குத்தான், 'நோ டோஃபு' என்பதைச் சுருக்கி, 'நோட்டோ' என்று பெயர் வைத்தாங்க.

'இந்தத் தளத்தைப் பார்க்க எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்'

இணையத்தில் தமிழ் கால் வைத்த நாட்களில் நிலைமை ரொம்ப மோசம். அப்போது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துரு செய்தாங்க. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரியணும்னா, உள்ளே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். அந்த எழுத்துரு உங்க கணினியில் இல்லாவிட்டால், தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கி நிறுவணும்.

இதற்கு ஒரு வழியாக, எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பலாம் என்று யோசித்தாங்க. 1998-இல் வந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பில் அதற்குக் குறிப்பும் இருந்தது. ஆனால் உலாவிகள் ஒத்துப்போகவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஈ.ஓ.டி. என்ற ஒரு கோப்பு வகையைக் கேட்டது, நெட்ஸ்கேப் வேறு ஒன்றைக் கேட்டது. இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய முடியாதவங்க, 'இந்த உலாவியில் மட்டும் பார்க்கவும்' என்று முகப்பில் எழுதி வைத்தாங்க. எல்லா உலாவிகளும் ஏற்றுக்கொண்ட வாஃப் என்ற பொது வகை 2012-இல்தான் தரநிலை ஆச்சு. அதைவிடச் சின்னதாகச் சுருங்கும் வாஃப் 2, 2018-இல் தரநிலையானது.

தமிழ்நாடு அரசும் இந்த நிலைமையைச் சரிசெய்ய முயன்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழ் 99 விசைப்பலகையும் டேம், டேப் என்ற குறியீட்டு முறைகளும் தரப்படுத்தப்பட்டன. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யுனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. யுனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி இருக்கு. எழுத்துரு மாறினாலும் 'க' என்பது 'க'தான். ஆங்கிலக் குப்பையாக மாறாது.

அதற்குப் பிறகும் கைபேசிகள் உடனே தயாராகிவிடவில்லை. பழைய நோக்கியா காலத்தில் பலரும் ஓபரா மினி உலாவியின் அமைப்பில் ஒரு வித்தையைப் பயன்படுத்தினாங்க. தமிழ் எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பச் சொல்லும் அமைப்பு அது. அந்தக் கைபேசியால் தமிழைக் கோக்க முடியாது, படத்தைக் காட்ட முடியும், அவ்வளவுதான்.

இப்போ எல்லாம் சரியாயிடுச்சா?

பெரும்பாலும் சரியாகியிருக்கு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் விடைபெற்றது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்து, உலாவிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டு வராங்க. ஆனாலும் மக்களின் கையில் இருப்பது எல்லாமே புதுக் கைபேசி இல்லை.

ஜியோபோனில் இருக்கும் காய் ஓ.எஸ். 2.5, ஃபயர்பாக்ஸின் 48-ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பக்கத்தைக் கட்டம் பிரித்து அடுக்கும் 'கிரிட்' வசதி 2017 மார்ச்சில், 52-ஆம் பதிப்பில்தான் ஃபயர்பாக்ஸுக்கு வந்தது. கிரிட்டை மட்டும் நம்பிச் செய்த பக்கம் ஜியோபோனில் குலைந்துதான் தெரியும். ஆண்ட்ராய்டு 7 கைபேசிகளுக்கு 2023 இறுதியோடு குரோமின் புதிய பதிப்பு வருவது நின்றுவிட்டது. ஓபரா மினி டேட்டாவை மிச்சப்படுத்த மிக அதிகமாகச் சுருக்கும்போது இணைய எழுத்துருவை இறக்காது. நம்ம ஊரில் ஐபோனில் நீங்க குரோம் வைத்திருந்தாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் இயந்திரம்தான். அதனால் 'நான் குரோம்தான் வச்சிருக்கேன், நீங்களும் குரோம்தான், எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்ற கேள்விக்கு அர்த்தம் இருக்கு.

நெட் மெதுவாக இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய எழுத்துரு வந்து சேரும் வரை பல உலாவிகள் சுமார் 3 விநாடி எழுத்தையே காட்டாது. பக்கம் வந்துவிடும், படம் தெரியும், எழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். 'ஃபாண்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்று ஒரு வரி சேர்த்தால், கைபேசியில் இருக்கும் எழுத்துருவில் உடனே காட்டிவிட்டு, புதியது வந்ததும் மாற்றிக்கொள்ளும். ஒரே ஒரு வரி, ஆனால் கடற்கரைக் கிராமத்தில் ஒரு கோடு சிக்னலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை

பெரும்பாலான வடிவமைப்புகள் முதலில் ஆங்கிலத்தை மனதில் வைத்துத்தான் செய்யப்படுது. அதே அளவைத் தமிழுக்குப் போட்டால் எங்கெங்கே பிடிக்கும் என்று பாருங்க.

*வரி உயரம்:* தமிழில் புள்ளியும் 'இ', 'ஈ' குறிகளும் மேலே போகும், 'உ', 'ஊ' குறிகள் கீழே இறங்கும். வரி உயரத்தைக் குறைத்து, மிஞ்சியதை மறைத்துவிடச் சொன்னால், மேல்பகுதி வெட்டுப்படும். 'வரி' என்பது 'வர' போலத் தெரியும். 'மீன்' எது, 'மின்' எது என்று புரியாது. எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைப்பது தமிழுக்குப் பாதுகாப்பு.

*எழுத்து இடைவெளி:* தலைப்பை அழகாக்க எழுத்துகளை விலக்கி வைப்பது ஆங்கிலத்தில் வழக்கம். பழைய உலாவிகளில் இப்படிச் செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும். இன்றும் 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் பிரிந்து போகக்கூடும். தமிழுக்கு இந்த அலங்காரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

*சாய்வெழுத்து:* பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். சின்ன எழுத்தில் படிக்கக் கஷ்டம். அழுத்தம் தர தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போதும்.

*அடிக்கோடு:* இணைப்புகளின் கீழ் வரும் கோடு 'டு', 'கு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வெட்டும். எழுத்து வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போடும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கு.

*சொல் உடைப்பு:* தமிழ்ச் சொற்கள் நீளம். கைபேசித் திரையோ குறுகல். எங்கே வேண்டுமானாலும் உடை என்று சொன்னால் உலாவி 'வட்ட' என்று ஒரு வரியிலும் 'க்கோட்டை' என்று அடுத்த வரியிலும் போடும். புள்ளி எழுத்தில் வரி தொடங்குவது தமிழ்க் கண்ணுக்கு உறுத்தும். சொல் முழுசாக அடங்காதபோது மட்டும் உடைக்கச் சொல்லலாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறித்து வைப்பதும் அவசியம். அதைப் பார்த்துத்தான் உலாவியும் பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவியும் முடிவெடுக்கும்.

*நிறம்:* எழுத்தின் நிறத்தை மட்டும் சொல்லிப் பின்னணி நிறத்தைச் சொல்லாமல் விட்டால், இருள் நிலை வைத்திருக்கும் கைபேசியில் கறுப்பு மேல் கறுப்பாக எழுத்து மறைந்துபோகலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லணும்.

தமிழில் முடிவு கடைசியில்தான் வரும்

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்று இருக்கு. இடம் போதாவிட்டால் மிஞ்சிய எழுத்தை வெட்டி, மூன்று புள்ளி வைத்துவிடும் வழக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் முக்கியமான சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினையும் மறுப்பும் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கிறீங்க என்று வைத்துக்கொள்வோம். 'ஏற்கப்பட்டது' என்பதும் 'ஏற்கப்படவில்லை' என்பதும் குறுகிய கட்டத்தில் வெட்டுப்பட்டால் இரண்டுமே 'ஏற்கப்ப…' என்றுதான் தெரியும். 'ஆவணம் இணைக்கப்பட்டது', 'ஆவணம் இணைக்கப்படவில்லை' என்பதும் அப்படியே. திரையில் பிழைச்செய்தி ஒன்றும் வராது. பக்கம் அழகாகவே இருக்கும். ஆனால் படித்தவர் காரியம் முடிந்தது என்று நம்பி, கடைசித் தேதியைத் தவறவிடக்கூடும்.

பட்டியலிலும் இதே சிக்கல்தான். 'எங்கிருந்தும் எந்நேரமும்' நிலப்பதிவுச் சேவையில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கணும். நம்ம ஊர்ப் பெயர்களில் ஒரே மாதிரி தொடங்கி, கடைசியில் 'கிழக்கு', 'மேற்கு' என்றோ 'பகுதி 1', 'பகுதி 2' என்றோ முடிகிறவை எத்தனையோ உண்டு. இந்த மாதிரி எந்தப் பட்டியலிலும் வால் வெட்டுப்பட்டால் வேறு ஊரைத் தொட்டுவிடுவோம். நிலை, தொகை, தேதி, ஊர்ப்பெயர் ஆகிய நான்கையும் எந்தத் திரையிலும் வெட்டக் கூடாது. கட்டம் வளரட்டும், வரி மடங்கட்டும், சொல் முழுசாகத் தெரியணும்.

தளம் செய்பவர் கடைப்பிடிக்க வேண்டியது

உலாவி புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும் என்று மேலே சொன்னோம் இல்லையா? அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். முதலில் எல்லா உலாவிக்கும் புரியும் எளிய வரி, அதன் கீழே புதிய வசதிக்கான வரி. புரிந்த உலாவி இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், புரியாதது முதல் வரியோடு நின்றுகொள்ளும். இந்த வசதி உனக்குத் தெரியுமா என்று உலாவியிடமே கேட்டுப் பிறகு குறிப்பைத் தரும் 'சப்போர்ட்ஸ்' என்ற முறையும் சி.எஸ்.எஸ்.ஸில் உண்டு.

எழுத்தளவைப் படிப்பவர் பெரிதாக்க இடம் விடணும். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-இல் முதலில் வந்தன. அதன் மூன்றாம் பதிப்பு 2023-இல் வெளியானது. அது பின்பற்றும் உலக அணுகல் தரநிலைப்படி, எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் பக்கத்தின் எந்தத் தகவலும் மறையக் கூடாது. 60 வயது தாண்டி, ஓய்வூதிய நிலையைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடுகிறவருக்கு இது சலுகை இல்லை, உரிமை.

தளத்தை வெளியிடும் முன் ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், ஒரு மலிவான கைபேசி மூன்றிலும் திறந்து பார்க்கணும். சோதனைக்கு ஆங்கில மாதிரிச் சொற்கள் வேண்டாம். நம்ம மாவட்டத்திலேயே வட்டக்கோட்டை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு என்று நல்ல பரீட்சை வைக்கும் பெயர்கள் இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யுனிகோடு தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்குது.

உங்க திரையில் எழுத்து உடைந்தால்

பதறாமல் இந்த வரிசையில் முயன்று பாருங்க.

1. பிளே ஸ்டோரில் உங்க உலாவிக்கும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்பதற்கும் புதுப்பிப்பு இருக்கா என்று பாருங்க. பல செயலிகள் தமக்குள்ளே இணையப் பக்கத்தைக் காட்டப் பயன்படுத்துவது இந்த வெப்வியூவைத்தான். ஐபோனில் ஐ.ஓ.எஸ். புதுப்பிப்போடு சஃபாரியும் புதுசாகும்.

2. ஒரு செயலிக்குள்ளேயே பக்கம் திறந்திருந்தால், மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'உலாவியில் திற' என்று கொடுங்க.

3. எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகத் தெரிந்தால், குரோம் பட்டியலில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதில் டிக் விழுந்திருக்கா பாருங்க. பல நேரம் கை தவறி விழுந்திருக்கும். எடுத்துவிட்டால் சரியாகும்.

4. குரோம் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். விரலால் விரித்துப் பெரிதாக்க விடாத பக்கங்களையும் பெரிதாக்க வைக்கும் தேர்வு அங்கேயே இருக்கு.

5. சஃபாரியிலும் ஃபயர்பாக்ஸிலும் 'ரீடர்' நிலை உண்டு. அலங்காரம் எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுத்தை மட்டும் காட்டும். நீண்ட அறிவிப்புகளைப் படிக்க வசதி. படிவம் நிரப்ப இது உதவாது.

6. கைபேசியின் எழுத்துருவை அலங்கார எழுத்துருவாக மாற்றியிருந்தால், இயல்பான எழுத்துருவுக்குத் திருப்பிப் பாருங்க. இருள் நிலையையும் ஒருமுறை அணைத்துப் பாருங்க.

7. ஒரு பட்டனிலோ கட்டத்திலோ சொல் வெட்டுப்பட்டிருந்தால், கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்புங்க. அகலம் கூடும்போது முழுச்சொல்லும் தெரியலாம். தெரியாவிட்டால் ஊகித்து அழுத்தாதீங்க. வேறு உலாவியில் திறங்க, இல்லைன்னா அருகில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போங்க.

'எழுத்துரு இல்லை' என்று கேட்டால் கவனம்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்க. 2017 ஜனவரியில் ஒரு மோசடி பரவியது. சில இணையதளங்களுக்குள் புகுந்த விஷமிகள், பக்கத்தின் எழுத்துகளை வேண்டுமென்றே குலைத்துக் காட்டினாங்க. கூடவே, 'ஹெஃப்லர் டெக்ஸ்ட்' என்ற எழுத்துரு உங்க கணினியில் இல்லை, புதுப்பிக்க இங்கே அழுத்தவும் என்று குரோம் சொல்வது போலவே ஒரு பெட்டி. அழுத்தினால் இறங்கியது எழுத்துரு இல்லை, கணினியைக் கெடுக்கும் மென்பொருள்.

'எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்ற அறிவிப்பு 20 வருஷத்துக்கு முன்னால் நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கத்தைத்தான் இப்படிப்பட்ட மோசடி பயன்படுத்திக்கொள்ளுது. இன்றைய கைபேசியில் ஓர் அரசுச் சேவையைப் படிக்க நீங்க எந்த எழுத்துருவையும் நிறுவ வேண்டியதில்லை. தேவையான எழுத்துரு கைபேசிக்குள்ளேயே இருக்கும், அல்லது பக்கத்தோடு தானாகவே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் 'தமிழ் ஃபாண்ட் ஏ.பி.கே.' போன்ற கோப்புகளைத் தொடவே வேண்டாம். தவறி அழுத்திப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்க.

சொன்னால்தான் தெரியும்

தளத்தைச் செய்பவரின் மேசையில் இருப்பது நல்ல கணினியும் புதுக் கைபேசியும். உங்க திரையில் உடைந்தது அவர் திரையில் உடைந்திருக்காது. நீங்க சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை.

அதனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆதார் எண், கைபேசி எண் போன்றவை அதில் இருந்தால் மறைத்துவிடுங்க. பக்கத்தின் முகவரி, உங்க கைபேசியின் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐ.ஓ.எஸ். பதிப்பு, உலாவியின் பெயர், அதன் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்க. அந்தத் தளத்தின் அடியில் இருக்கும் தொடர்பு முகவரிக்கு இவற்றை அனுப்புங்க. அரசுச் சேவை கிடைப்பதே தடைப்படுகிறது என்றால் முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் தெரிவிக்கலாம். 'தமிழ் சரியாத் தெரியலை' என்று மட்டும் சொன்னால், சரிசெய்பவர் எங்கே தேடுவார்? 'இந்தக் கைபேசி, இந்த உலாவி, இந்தப் பக்கம், நிலை காட்டும் கட்டத்தில் கடைசி நாலு எழுத்து வெட்டுப்படுது' என்று சொன்னால், அவர் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சரிசெய்துவிடவும் வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வரி, அதே மாதிரிக் கைபேசி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் பயன்படும்.